விருந்தினர் பக்கம்

கடல் உறையும் வருஷங்களில்
எங்கள் தீவுக்கும் கரைக்கும் நடுவே
பனிக்கட்டியின் மேல் சாலை திறப்பார்கள்.
அதில் போகும்போது சீட் பெல்ட் போடக் கூடாது.
பனி விண்டால்
கதவைத் திறந்து குதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அழைப்பை அங்கிருந்து தொடங்கினேன்:
பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுதுங்கள்.

ஹீயுமா நூலகத்தின் மாத மடல்,
நான்கு பக்கம், நடுவில் ஒரு மடிப்பு.
படகுத்துறையில் கிடக்கும், பல் டாக்டரிடம் கிடக்கும்,
ரொட்டிக் கடைத் தராசுக்குப் பக்கத்தில்
மாவு படிந்து கிடக்கும்.
படித்தவற்றைப் பற்றி மட்டும்.
ஆறு வருஷமாக அத்தனையும் நான்.
மெரிகே என்ற என் பெயரில் முதல் பக்கம்.
பிறகு இல்மார், ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கக்காரர், சிடுமூஞ்சி.
பிறகு வைகே, போர்க் கதை மட்டும் படிக்கும் செவிலி.
ஆசிரியருக்குக் கடிதமும் நானே,
சிலசமயம் என்னைக் கண்டித்து.

களைத்துவிட்டேன். ஆகவே வாருங்கள்.
விமர்சனம் வேண்டாம்.
'அருமையான நூல்' என்று வந்தால் அடுப்புக்குப் போகும்.
எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனீர்கள்,
எந்த வரியில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது,
யாருடைய புத்தகத்தைத் திருப்பித் தராமல்
அவரைக் கண்டால் தெருவை மாற்றுகிறீர்கள்,
அதைச் சொல்லுங்கள்.
முன்னூறு சொல் போதும். இருநூறு இன்னும் நல்லது.
சன்மானம் புகையிட்ட மீன் ஒன்று.
பிடிப்பவன் என் தம்பி;
அளவு அவன் அதிர்ஷ்டம்.

செப்டம்பரில் ஒன்றும் வரவில்லை.
அக்டோபரில் ஆர்வோ, படகின் எஞ்சின் அறையிலிருந்து,
பழுதுபார்க்கும் கையேட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.
நாற்பத்தொன்பதாம் பக்கத்தில்
இதற்குமேல் தானாகவே விளங்கும்
என்று முடிகிறதாம்.
இருபது வருஷமாகியும் விளங்கவில்லை என்கிறார்.
ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

பிறகு மல்லே வந்தாள்,
ஹெல்தெர்மா துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
காகிதம் இல்லை. கையுறையையும் கழற்றவில்லை.
"இல்மாரை எனக்குத் தருவீர்களா?"

காது சுட்டது எனக்கு.
எத்தனை நாளாகத் தெரியும் என்றேன்.
"முதல் வருஷமே.
மூன்று பேருக்கும் பனி பிடிக்காது.
மூன்று பேரும்
கதையில் பெண் அழுதால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறீர்கள்.
ஊருக்கே தெரியும்.
சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்று
யாரும் சொல்லவில்லை."

உன் பெயரிலேயே எழுதேன் என்றேன்.
"என் பெயரில் எழுதினால் ஊனோ படிப்பான்,
படித்துவிட்டு
நாய்க்குத் தண்ணீர் வைக்க எழுந்து போவான்.
இல்மார் எழுதினால் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிப்பான்.
கிழவன் சரியாய்ச் சொல்கிறான் என்பான்.
அது என் காதில் விழ வேண்டும்."

இடது முழங்காலில் வலி,
காபியில் சர்க்கரை கிடையாது,
கரையில் ஒரு தங்கை, பேச்சுவார்த்தை இல்லை
என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்தேன்,
வாடகைக்கு விடும் வீட்டில்
எந்தக் குழாய் சொட்டும் என்று காட்டுவதுபோல.
விருந்துக்கு ஆள் அழைத்தேன்.
வந்தவள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போனாள்.

டிசம்பர் இதழில் இல்மார்
ஒரு பெண் அழும் பக்கத்தைத் தள்ளாமல்
அங்கேயே மூன்று பத்தி உட்கார்ந்திருக்கிறார்.
போதாததற்கு
'வெளியே பனி பெய்தது, அழகாக இருந்தது' என்று வேறு.
இல்மாரா? பனியையா?
வெட்டப் பேனாவை எடுத்தேன்.
பேனாவைக் கீழே வைக்க
கொஞ்ச நேரம் ஆனது.

சாயங்காலம் மல்லே வீட்டு ஜன்னலைத் தாண்டி நடந்தேன்.
உள்ளே யாரோ சத்தமாக வாசிக்கும் குரல்.
நிற்கவில்லை.

வைகே இன்னும் என்னிடம்தான் இருக்கிறாள்.
வேண்டுபவர்கள் வரலாம்.
செவ்வாய்க்கிழமை ஏழு மணிவரை
நூலகம் திறந்திருக்கும்.